போனைத் தூக்கிப் பிடித்தால் தெரிகிற வீடு

1

நான் இந்த நாட்டில் வந்திறங்கிய நாள் வருடத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் அக்கா தவறாமல் போன் செய்வாள். வாழ்த்துவதற்கு அல்ல, திட்டுவதற்கு. "இதே நாள்லதான ஏரோப்ளேன் ஏறுன? போனவ போனவதான்" என்று ஆரம்பித்தால் போனில் சார்ஜ் தீரும்வரை நிறுத்தமாட்டாள். நானும் இங்கே நெதர்லாந்தில் குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் திட்டு விழாமல் அந்த நாள் எனக்கு நகராது.

இந்த வருடம் அவள் திட்டவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது.

"ஏட்டி செல்வி, நமக்கு வீடு வருதுட்டி! நெசமாத்தான் சொல்லுதேன். போனத் தூக்கிப் புடிச்சா நம்ம லயத்தக் காணோம். அந்த எடத்துல புதுசா வீடு நிக்குது. ஓடு போட்டு, முன்னால தூண் வச்சு, பூச்செடியெல்லாம் வச்சு... நீ செய்வியே ஒரு வேல, அதேதான். மாமாவும் பாத்தாரு. லயத்துச் சனம் பூராவும் பாத்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அக்கா பெயர் பேச்சியம்மாள். மலையாளப் பக்கம் பீர்மேட்டிலிருந்து ஜீப்பில் மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொளுந்து எடுக்கிறாள், குடியிருப்பது அங்கேயே தொழிலாளர் லயத்தில். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். அவள் சந்தோஷப்பட்டு நான் கேட்டதே குறைவு. சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அலுவலகத்துக்குப் பாதி வழியில் பிரேக் போட்டு இறங்கிவிட்டேன். ஏனென்றால் அக்கா சொன்னது சரி. அது நான் செய்கிற வேலைதான். அந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2

ஊரில் யாராவது "அங்க என்ன வேல பாக்க?" என்று கேட்டால் முன்பெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். நகராட்சிகளுக்குத் திட்டம் வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு தெருவில் புதிதாகக் கட்டடமோ பூங்காவோ வரப்போகிறதென்றால், கட்டி முடித்தபின் அது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குள் மாடலாகக் கட்டிவைப்போம். பார்ப்பவர்கள் செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை. கம்பத்தில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போனில் காட்டினால் சாதாரண பிரவுசரிலேயே திறந்துகொள்ளும். தெருவில் நின்றபடி போனைத் தூக்கிப் பிடித்தால் கேமராவில் தெரியும் பழைய தெருவின்மேல் புதுக் கட்டடம் எழுந்து நிற்கும். கண்ணுக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டால் அதற்குள்ளேயே நடந்து போய்வரலாம். பிடித்திருந்தால் பச்சைப் பொத்தான், ஆட்சேபம் இருந்தால் சிவப்புப் பொத்தான்.

இங்கே அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு இருக்கும் மரியாதை இருக்கிறதே! ஒருமுறை ஒரு பெரியவர் நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மாடலில் தன் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைக் காணோமாம். காணாமல் போகத்தான் செய்யும். பழைய போன்களிலும் மாடல் சிக்காமல் திறக்க வேண்டுமே என்று நாங்கள்தான் நாலைந்து மரங்களைக் கழித்திருந்தோம். அந்த ஒரு மரத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். விளக்கம் சொல்ல என்னை நிறுத்தினார்கள். "மரத்தை மறந்துவிட்டோம்" என்று டச்சில் சொல்லப் போய், "மரம் எங்களை மறந்துவிட்டது" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள், பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே மரத்தைத் திரும்ப நட்டுவைத்தோம்.

அக்காவுக்கு என் வேலை புரிந்தது ஒரு பேருந்து நிலையத்தால். நான் இங்கே சேர்ந்து செய்த முதல் திட்டம் அது. ஆசையாக அவளுக்கு லிங்கை அனுப்பினேன். அவளும் போனுக்குள்ளேயே இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிற்பாடு கட்டி முடித்ததும் அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினேன். பெஞ்சுகூட அதே இடத்தில் இருந்தது. "எந் தங்கச்சி போன்ல கட்டுனா அது நெசத்துல எந்திரிச்சு வரும்" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

3

லயம் என்றால் என்னவென்று சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமாக ஒரே தகரக் கூரை. அதன் அடியில் ஒட்டி ஒட்டி வீடுகள். இவர் வீட்டுச் சுவர்தான் அடுத்தவருக்கும் சுவர். முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டிலிருந்து "தண்ணியக் குடி" என்று குரல் வரும். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள். எப்போது ஏறினார்கள் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அங்கே போனால் மலைக்காரர்கள், மலையில் மலையாளிகளுக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள்.

அந்த வீடும் எங்களுடையது அல்ல. எஸ்டேட்டில் பெயர் இருக்கும்வரை வீடு. வேலையை விட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீடு வாங்கியோ கட்டியோ கேட்டோ எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் இல்லை. வீடு கொடுக்கப்படும், அவ்வளவுதான். கூரை ஒழுகினால் ஒருநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கதவுப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஏதோ குறி போட்டுவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் தகரம் வந்து இறங்கும். என்ன எழுதினார், எதற்கு எழுதினார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வாசலில் குறி விழுந்தால் அந்த வீட்டுக்கு ஏதோ வருகிறது என்று அர்த்தம். நான் வளர்ந்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மலையில் மேடு ஏறாமல் தண்ணீர் பிடிக்கக்கூடப் போக முடியாது, டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். மாமா ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. மகன் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான், கூட வேலை பார்ப்பவர்களோடு ஒரே அறையில் சுருண்டுகொள்கிறான். அக்கா பெயரில் வேலை இருப்பதால்தான் வீடு இருக்கிறது. ஆகவே காலையில் முட்டியில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஆள் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்றுவிடுவாள்.

வேலையை விடு, பீர்மேட்டில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அங்கன எனக்கு யாரத் தெரியும்? நான் இருமுனா அங்க யாரு கேப்பா?" என்பாள். இங்கே கூப்பிட்டால் விசாவில் வந்து சில வாரம் இருக்கலாம், அதற்குமேல் இந்த நாட்டுக்கு அக்கா என்பவள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. விண்ணப்பத்தில் கணவன், பிள்ளை என்றுதான் கட்டங்கள் இருக்கின்றன. என்னை வளர்த்தவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று விசா அலுவலக ஜன்னலில் கேட்டேன். அங்கிருந்த பெண் அனுதாபத்தோடு சிரித்தாள். அனுதாபத்துக்கு இங்கே குறைவே இல்லை.

4

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், குரல் செய்தியோடு அக்கா அனுப்பியிருந்த லிங்கை அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மலைநகர் மேம்பாட்டுத் திட்டம், பொதுமக்கள் பார்வைக்கு. யார் செய்தார்களோ, நன்றாகச் செய்திருந்தார்கள். அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. மூடுபனி மெதுவாக நகர்ந்தது, தேயிலைச் சரிவின் வளைவுகூடச் சரியாக இருந்தது. பிரட்டுக்களம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்க இடம். எங்கள் லயம் இருந்த இடத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள்.

வீடுகளைப் பார்த்ததும் அக்கா ஏன் நம்பினாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவை லயம் மாதிரியே இருந்தன. அதே நீளம், அதே தாழ்வான முன்பக்கம், அதே ஒட்டுச் சுவர். தகரத்துக்குப் பதில் ஓடு, மண் வாசலுக்குப் பதில் கல். ஒழுகாத, சாயாத லயம். எங்கள் லயத்தைக் கூட்டிப் பெருக்கிக் குளிப்பாட்டி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. யாரோ ஒரு வரைபவருக்கு லயத்தின் அழகு பிடித்துப்போயிருக்கிறது.

கூரையின்மேல் அழுத்தினேன். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. பாரம்பரிய லயத் தங்கும் விடுதி, சுற்றுலாப் பயணிகளுக்கு. அதன் கீழே, இடத்தின் தற்போதைய நிலை: பழைய கொட்டகை, ஒன்று.

கொட்டகை என்று யாரும் வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நீளமாக ஒரு தகரக் கூரை தெரியும். கூரை ஒன்று என்றால் கட்டடமும் ஒன்று. உள்ளே எத்தனை வீடு என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. நாங்களும் இங்கே அப்படித்தான் தொடங்குவோம். இங்கே தப்பு நடந்தால் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வருவார், மரம் திரும்பும்.

வீடுகளின் முன்னால் ஆட்களும் நடமாடினார்கள். எல்லா மாடலிலும் இப்படிப் பொம்மை ஆட்களைப் போட்டு நிரப்புவோம், பார்க்க உயிரோட்டமாக இருக்கட்டும் என்று. எந்த நாட்டில் வரைந்தாலும் அவர்களை ஒரே இணையக் கிடங்கிலிருந்துதான் எடுப்பார்கள். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் லயத்து வாசலில் போய்க்கொண்டிருந்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். என் பேருந்து நிலையத்திலும் அவள்தான் நடந்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

5

இங்கே சாயந்திரம் ஆவதற்குள் அங்கே இருட்டிவிடும் என்று அப்போதே அக்காவைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். ரெண்டு பையன்கள் ஜீப்பில் வந்தார்களாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கட்டம் கட்டமாக ஒரு சீட்டு ஒட்டினார்களாம். போனில் பார்த்துப் பிடித்திருந்தால் பச்சையை அமுக்கச் சொன்னார்களாம்.

"நம்ம வீட்டு வாசல்லயும் ஒட்டிருக்காக. குறி போட்டாச்சு, இனி வந்துரும். நான் அந்தச் சீட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வச்சேன். கண்ணு பட்டுரக் கூடாதுல்ல."

"பச்சைய அமுக்குனியாக்கா?"

"பின்ன? லயமே அமுக்குச்சு. கடைசி வீட்டுக் கெழவருக்குப் போன் கெடையாது, அவருக்கு நாந்தான் எம்போன்ல அமுக்கிக் குடுத்தேன். ஏட்டி, அந்தச் செவப்புக் கோட்டுப் பொம்பள யாரு? புது மேனேஜர் வீட்டம்மாவா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மெதுவாகச் சொன்னேன். அது நமக்கு வரும் வீடு இல்லை, சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு, பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று.

"நம்ம லயத்து எடத்துல, நம்ம லயம் மாதிரியே வீட்டக் கட்டி, வெளியாளுக்கா குடுப்பாக? ஒனக்குச் சரியாத் தெரியல."

"எழுதிருக்குக்கா."

"எழுதுனது கெடக்கட்டும். நீ காட்டுன பஸ் ஸ்டாண்டு அப்படியே வந்துச்சா இல்லையா? போட்டோ அனுப்புனியே. அது நெசம், இது மட்டும் பொய்யா?"

பேருந்து நிலையம் வந்தது உண்மை. இந்த வீடுகளும் வரும், அதுவும் உண்மை. உள்ளே யார் என்பதுதான் கேள்வி. அதை எப்படிச் சொன்னாலும் அவளுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கு, லயத்து ஆட்களையும் அமுக்கச் சொல் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீடு வேண்டாம்னு அமுக்கச் சொல்லுதியா? இந்தச் சனம் என்ன சொல்லும் தெரியுமா? தங்கச்சி வெளிநாட்ல மாடி வீட்ல இருந்துக்கிட்டு நமக்கு வாரதக் கெடுக்கான்னு சொல்லும். நான் அவுக மொகத்துல எப்படி முழிப்பேன்?"

போனை வைக்கும் முன்னால், முதலில் சொல்லவேண்டியதைக் கடைசியில் சாதாரணமாகச் சொன்னாள்.

"வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்ட்டி. லெட்டர் எழுதி வச்சிட்டேன். புது வீடு வருதுன்னா இனி எதுக்கு இந்த முட்டிய வச்சு இழுத்துக்கிட்டு?"

கத்தினேன். அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடுக்காதே, நான் விசாரித்துச் சொல்லும்வரை கொடுக்காதே என்று கெஞ்சினேன். "சரி, பாப்போம்" என்றாள். அக்கா "பாப்போம்" என்றால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்று பொருள்.

6

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் அந்தத் திட்டத்தின் இணையப் பக்கத்திலேயே ஆட்சேபம் எழுதப் பார்த்தேன். இந்திய போன் எண் இருந்தால்தான் எழுதவே விடும். என் எண்ணைப் போட்டால் எண் தவறு என்றது. எண் தவறு இல்லை, நான்தான் அங்கே இல்லை.

மின்னஞ்சல் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று மலையாளத்தில் தானாக ஒரு பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பிறகு அந்தத் திட்ட அலுவலக எண்ணுக்கு அடித்து அடித்து ஒருவழியாக ஒரு இளைஞர் எடுத்தார். என் மலையாளம் பள்ளிக்கூடத்து மலையாளம், இவ்வளவு வருடம் பெட்டியில் கிடந்தது. பேசப் பேச நடுவில் டச்சுச் சொல்லெல்லாம் வந்து விழுந்தது. அவர் பொறுமையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"சேச்சி, அது வெறும் கான்செப்ட் அல்லே. பேடிக்கண்டா" என்றார். வெறும் யோசனைதான் அக்கா, பயப்படாதீர்கள் என்று.

"ஆனால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கொட்டகை என்று போட்டிருக்கிறீர்கள்."

அவர் திரையில் தேடிப்பார்த்துவிட்டு, அந்த இடத்தில் அங்கேயே குடியிருப்பவர்களின் கருத்து எல்லாமே ஆதரவாக வந்திருக்கிறதே என்றார். ஆச்சரியத்தோடுதான் சொன்னார், கிண்டல் இல்லை. ஆட்சேபம் இருந்தால் வார்டில் குடியிருக்கும் ஒருவர் நேரில் வந்து எழுதித் தரட்டும், கட்டாயம் கவனிப்போம் என்றார். நான் யார் என்று கேட்டார். தங்கை என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்றார். சொன்னேன். "ஓ, அவிடே நல்ல தணுப்பாணல்லே" என்றார், அங்கே நல்ல குளிர்தானே என்று. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்கு மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் மாடலைக் காட்டினேன். நல்லவர், என்மேல் அக்கறை உள்ளவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பனியை எப்படி இவ்வளவு லேசாகச் செய்தார்கள், போனில் திணறாமல் ஓடுகிறதே என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் காப்பியைக் கொட்டிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் தெம்பு இல்லை.

7

என் மகள் யாழினிக்குத் தமிழ் புரியும். பதில் டச்சில்தான் வரும். பெரியம்மாவோடு வீடியோவில் பேசும்போது "சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்ற இரண்டோடு அவள் தமிழ் முடிந்துவிடும். அதற்குமேல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனதே மூன்று தடவையோ என்னமோ.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தவள், நான் மேஜைமேல் வைத்திருந்த ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். திறந்திருந்தது அந்த மாடல். நான் அதுவரை வெளியில் நின்றுதான் பார்த்திருந்தேன். உள்ளே போக மனம் வரவில்லை. அவள் கூடத்தில் கையை நீட்டி நீட்டி நடந்து உள்ளே போய்விட்டாள்.

"அம்மா, சூப்பரா இருக்கு! கண்ணாடிக் குளியலறை! இது எந்த ஹோட்டல்? லீவுக்கு இங்க போறோமா?"

அவள் டச்சில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஹோட்டல் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு ஹோட்டல் தெரியும். அக்காவுக்கு லயம் தெரியும். ஒரே வீட்டைப் பார்த்து இரண்டு பேரும் அவரவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

"அது பெரியம்மா வீடு" என்றேன்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பெரியம்மா வீடு பச்சைக் கதவு போட்ட இருட்டு வீடு என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அப்போ பெரியம்மா எங்க?" என்று தமிழிலேயே கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

8

சனிக்கிழமை காலையில் அக்காவே கூப்பிட்டாள். குரலில் ஒரு தெளிவு. சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"லெட்டரக் குடுத்துட்டேன்ட்டி. திட்டாத. நேத்துத் தேயிலக் காட்டுல ரெண்டு தடவ உக்காந்துட்டேன். கூட இருந்தவளுக கையப் புடிச்சுத் தூக்கிவிட்டாளுக. போதும்னு தோணிருச்சு."

திட்டவில்லை. எதைத் திட்ட? வலித்தது, உட்கார்ந்தாள். உட்கார ஒரு இடம் இருக்கிறது என்று நம்பியதால் உட்கார்ந்தாள். ஒரு மாதம் தருவார்களாம், அதற்குள் சாவியை ஆபீஸில் கொடுக்கவேண்டுமாம். புது வீடு முடியும்வரை மகனோடு போய் இருப்பதா, லயத்தில் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்வதா என்று அவளும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"அதுக்கில்ல ஒன்னக் கூப்புட்டது. இந்தச் சீட்டு இப்ப தெறக்க மாட்டேங்குது. குங்குமம் பட்டுருச்சு போல, எந்தப் பக்கம் காட்டுனாலும் சுத்திக்கிட்டே நிக்குது. நீ அங்கன இருந்து உள்ள போயிப் பாத்துச் சொல்லு. நான் வெளியதான பாத்தேன். சாமானெல்லாம் எப்படிக் கொண்டு வைக்கணும்னு யோசிக்கணும்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம், நான் எதையும் பார்க்கமாட்டேன் என்று. ஆனால் அவள் கேட்டாள். என்னை வளர்த்தவள் கேட்டு நான் மறுத்துப் பழக்கமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். சரிவில் இறங்கி, சிவப்புக் கோட்டுக்காரியைத் தாண்டி, எங்கள் வீடு இருந்த இடத்தில் இருந்த கதவைத் திறந்தேன்.

"போயிட்டியா?"

"போயிட்டேன்க்கா."

"எப்படி இருக்கு?"

"பெருசா இருக்கு. ஜன்னலும் பெருசு. மலை தெரியுது."

"மாமா, ஜன்னலு பெருசாம்" என்று அந்தப் பக்கம் சொல்வது கேட்டது. "கட்டில் போட எடம் இருக்கா?"

"கட்டிலே இருக்குக்கா."

"கட்டிலுமா தாராக!" கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அடுப்படி எந்தப் பக்கம் இருக்கு? கெழக்கா, தெக்கா?"

திரும்பிப் பார்த்தேன். கட்டில், அதற்கு எதிரே டிவி. கண்ணாடிக்குப் பின்னால் குளியலறை. வாசலுக்குப் பக்கத்தில் சின்ன மேஜை, அதன்மேல் இரண்டு வெள்ளைக் கோப்பை. சுவரோடு சுவராகச் சுற்றி வந்தேன். பின்பக்கக் கதவு ஒன்று இருந்தது. திறந்தால் அடுப்படி இருக்குமோ என்று, எல்லாம் தெரிந்த நானே ஒரு கணம் நம்பினேன். திறந்தேன். துண்டுகள் அடுக்கிய அலமாரி.

"ஏட்டி, கேக்கா?"

"அடுப்படி இல்லக்கா."

"இருக்கும், நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். இல்ல. வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவுகளுக்குக் கட்டுறது. அவுக சமைக்க மாட்டாக. இது நம்ம வீடு இல்லக்கா."

"என்ன சொல்லுதா?" என்று மாமா கேட்டார். "ஒண்ணுமில்ல, வெயில்ல கெடக்கத எடுத்து உள்ள வைங்க" என்று அவரை அனுப்பினாள். பிறகு போனை வாயோடு சேர்த்துவைத்துக்கொண்டு மெல்லப் பேசினாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"மேனேஜர் லெட்டர்ல கையெழுத்தும் போட்டுட்டாருட்டி."

நான் அந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே பனி நகர்ந்தது.

"வரஞ்சு முடிக்காம விட்டுருப்பாக" என்றாள் அக்கா. "ஒனக்குத்தான் அந்த வேல தெரியுமே. நீயே ஒரு ஓரமா அடுப்படி வரஞ்சு வச்சிரு, ஏட்டி."